டிடிஎஸ் மீட்டரை வைத்துச் சஞ்சீவிக்கு நாடி பார்த்த கதை

நேற்றுக் காலை தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனபோது கண்ணில் பட்டது. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்த கிளையில், நூலைத் தாண்டி நான்கு மில்லிமீட்டருக்கு இளம்பச்சையாக ஒரு நுனி. ஆவணியில் நாற்பது நாள் எவர்சில்வர் டப்பாவுக்குள் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று கிடந்த செடி இது. விரித்துக் காட்டுவது வேறு, வளர்வது வேறு. இந்த நான்கு மில்லிமீட்டருக்காக ஒரு வருஷம் போயிருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் தொழில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பில்டர் மாற்றுவது, மெம்பிரேன் மாற்றுவது, தண்ணீருக்கு டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்ப்பது. செடி ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது.

போன கார்த்திகையில் மலைக்குப் போன இடத்தில், சாலையோரம் மூலிகை விற்பவரிடம் ஒரு பழுப்பு உருண்டையை 50 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீர்ச் சட்டியில் போட்டால் விரியும், வருஷக்கணக்கில் சாகாது, சஞ்சீவி என்றார். அவர் முன்னாலிருந்த சட்டியில் ஒன்று பச்சையாக விரிந்து கிடந்தது. செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அனுமன் கொண்டுவந்த சஞ்சீவனி எதுவாக இருக்கும் என்று 2009-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் கணேசையா குழுவினர் அலசியபோது, பட்டியலில் கடைசிவரை தாக்குப்பிடித்தவற்றில் இதுவும் ஒன்று.

வீட்டில் போட்டேன். மூன்று மணி நேரத்தில் அழகாக விரிந்தது. மனைவி பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். ஆறாம் நாள் அலமாரியைத் திறந்தால் குளத்து அடிச்சேறு வாடை. தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. கிளையைத் தொட்டால் வழவழவென்று கையோடு வந்தது.

அக்கா மகள் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிறாள். படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“மாமா, அது நீங்க வாங்கும்போதே செத்துப்போனது.”

“செத்தது எப்படிப் பாப்பா விரியும்?”

“பட்டாசுக்காய் தண்ணியில போட்டா வெடிக்குதே, அதுக்கு உயிரா இருக்கு?”

சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வேலியோரம் காய்ந்த பட்டாசுக்காயைப் பறித்து, எச்சில் தொட்டு, அடுத்தவன் சட்டைக்குள் போட்டது ஞாபகம் வந்தது. கிளையின் ஒரு பக்கம் அதிகமாகத் தண்ணீர் குடித்து உப்பும், மறுபக்கம் குறைவாக உப்பும். அதனால் நிமிர்கிறது. உயிர் இருந்தாலும் நிமிரும், இல்லாவிட்டாலும் நிமிரும். அப்படியானால் உயிரோடு இருக்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது? “செல்லோட சவ்வு கிழிஞ்சிருந்தா உள்ள இருக்கிற உப்பெல்லாம் தண்ணியில கசியும் மாமா. லேபுல கண்டக்டிவிட்டி மீட்டர் வெச்சுப் பார்ப்போம்” என்றாள். என் சட்டைப் பையில் தினமும் இருப்பது அதுதான். டிடிஎஸ் மீட்டர் அளப்பதே மின்கடத்தலைத்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கிப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

முதல் தப்பை உடனே செய்தேன். அவசரத்தில் ஒரு கிளையை வீட்டு போர்த் தண்ணீரில் போட்டுவிட்டு மீட்டரை விட்டேன். எங்கள் போர் 1,400 பிபிஎம். அதில் இலையிலிருந்து வரும் ஐம்பது பிபிஎம்மைத் தேடுவது, சந்தைக்கடைச் சத்தத்தில் கொலுசொலி கேட்பது மாதிரி. அடுத்து ஆர்.ஓ. தண்ணீர்: 45 இருந்தது, அதுவும் காலைக்கு ஒன்று மாலைக்கு ஒன்று. கடைசியில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். லிட்டர் 20 ரூபாய். மீட்டர் 2 காட்டியது. அது போதும்.

பிறகு ஒழுங்கான முறை ஒன்று பிடிபட்டது. காய்ந்த கிளை 0.30 கிராம். அதை டிஸ்டில்டு வாட்டரில் பத்து நொடி அலசிக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைமேல் இருக்கும் தூசியையும் சேர்த்து அளப்போம். பிறகு 100 மில்லி புதுத் தண்ணீரில் போட்டு 5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரத்தில் அளவு. கடைசியில் அதே தண்ணீரோடு இலையைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து, ஆவியான அளவுக்கு டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி மறுபடி 100 மில்லிக்குக் கொண்டுவந்து அளவு. கொதித்தால் சவ்வெல்லாம் கிழிந்து உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும். அதுதான் முழுக் கணக்கு. இரண்டு மணி நேரத்தில் அதில் எத்தனை பங்கு கசிந்தது என்பதுதான் நாடி.

தராசு, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் குட்டித் தராசு, 450 ரூபாய். 0.30 கிராமுக்கு அது கொஞ்சம் முரட்டுத் தராசுதான். ஒவ்வொன்றையும் மூன்று தடவை நிறுத்தேன்.

அழுகிய செடியில் ஊறப்போடாமல் மிச்சமிருந்த ஒரு கிளையைச் சோதித்தேன். 5 நிமிடத்தில் 31, 30 நிமிடத்தில் 52, 2 மணியில் 60, கொதித்த பிறகு 68. ஆரம்பத்து 2-ஐக் கழித்தால் 88 சதவீதம் கசிவு. சந்தேகத்துக்கு, நிழலில் காயவைத்த கொத்தமல்லித் தழையையும் பார்த்தேன்: 2 மணியில் 171, கொதித்தபின் 190. அதாவது 90 சதவீதம். என் சஞ்சீவி கொத்தமல்லிக் கட்டோடு சேர்ந்துவிட்டது.

தை மாதம் மறுபடி அதே மலைப்பாதை. இந்த முறை நான்கு உருண்டைகள் வாங்கினேன், 200 ரூபாய். ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைக் கிள்ளிச் சோதித்ததில் இரண்டு செத்தவை. மற்ற இரண்டும் வேறு ஜாதி என்று சொல்லும்படி இருந்தன. ஒன்றின் அளவு: 5 நிமிடத்தில் 8, 30 நிமிடத்தில் 11, 2 மணியில் 12. கொதித்தபின் 66. கசிவு 16 சதவீதம்தான். அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் வழிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. வெறும் கண்ணுக்கு நான்கும் ஒரே பழுப்பு உருண்டைகள்.

உயிருள்ள இரண்டையும் செம்மண், ஜல்லித்தூள், மக்கிய இலை மூன்றும் சமபங்கு போட்ட தொட்டியில் வைத்தேன். அரை நிழல். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன், அது தீர்ந்ததும் ஆர்.ஓ. தண்ணீர். போர்த் தண்ணீர் தெளித்த ஒரு வாரத்திலேயே கிளைமேல் சுண்ணாம்புப் பூச்சு படிந்துவிட்டது. (ஆர்.ஓ.-வில் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று நானே பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். தென்னைக்குச் சரி, இதற்கு வேண்டாம்.) வேர் பிடிக்க மூன்று மாதம் ஆனது. பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தேன். நான்கு கொத்துகள். ஒன்றைக் காயவிடாமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் கொத்தை மே மாதம் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டேன். பாறையில் வளரும் செடிதானே, வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பு. சுருண்டால் படம் எடுக்க முடியாதென்று ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே வைத்துப் பரத்தினேன். அது தலையெழுத்தையே மாற்றிய கண்ணாடி. ஐந்து மணி நேரத்தில் காய்ந்து சருகானது. அடுத்த வாரம் நனைத்தால் அழகாக விரிந்தது, ஆனால் மேல்பக்கம் வெளிறிய வைக்கோல் நிறம். 2 மணியில் 37, கொதித்தபின் 65. கசிவு 56 சதவீதம். இரண்டு வாரத்தில் முழுக்கக் கருகியது.

பாப்பா கேட்டதும் திட்டினாள். இலைக்குள் பச்சையம் இருக்கும்வரை அது வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் இல்லாதபோது பிடித்த சக்தியைச் செலவழிக்க வழியில்லை. அது ஆக்ஸிஜன் மேல் போய் ஏறி, அந்த ஆக்ஸிஜன் வெறிபிடித்த மாதிரி பக்கத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் கடிக்கிறது. அதனால்தான் செடி சுருண்டுகொள்கிறது. பச்சைப் பக்கத்தை உள்ளே மறைத்து, துருநிறப் பின்பக்கத்தைக் குடை மாதிரி வெளியே காட்டுகிறது. நான் அந்தக் குடையைப் பிடுங்கிவிட்டு வெயிலில் படுக்க வைத்திருக்கிறேன். ஆப்பிரிக்காவின் ஜெரோபைட்டா வகைச் செடிகள் இன்னும் உஷார், காயும்போது பச்சையத்தையே கழற்றிவிட்டு, நனைந்தபின் மறுபடி செய்துகொள்கின்றன.

இதில் வேடிக்கை, அதே மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்த பாசி. கறுத்துக் காய்ந்து கிடந்த அதன்மேல் வாளித் தண்ணீர் சிந்தியதும் இரண்டு நிமிடத்தில் பச்சையானது. காசு கொடுத்து வாங்கிய சஞ்சீவி செத்துக்கொண்டிருக்க, ஓசிப் பாசி சிரித்தது. பாசிகள் பாதுகாப்புச் சாமான்களை எப்போதும் கைவசம் வைத்திருக்கும், நனைந்ததும் ஓட்டை உடைசலை வேகமாகச் சரிசெய்துகொள்ளும், அதனால் சட்டென்று காய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று பாப்பா சொன்னாள். பூக்கும் வகைகளில் அப்படியில்லை, காயக்காயத்தான் சாமான்களைத் தயாரிக்கின்றன.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயில், பரத்தி வைத்தது, வேகம் என்று மூன்று தப்பையும் ஒரே நாளில் செய்ததால் எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மெஷினில் ஒரே சமயம் மூன்று பார்ட் மாற்றாதே, எது பழுதென்று தெரியாமல் போகும் என்று என்னிடம் வேலை கற்கும் பையனிடம் தினமும் சொல்பவன் நான்.

அதனால் இரண்டாம் கொத்தை ஜூனில் இருட்டறையில், இஷ்டத்துக்குச் சுருளவிட்டு, டேபிள் பேன் முன்னால் வைத்தேன். ஒன்பது மணி நேரத்தில் காய்ந்தது. நனைத்தபின் 2 மணியில் 24, கொதித்தபின் 67. கசிவு 34 சதவீதம். கொத்தில் ஏறக்குறைய பாதிக் கிளைகள் தேறின. மீதி, அடியிலிருந்து பழுத்துக் கழன்றன. வெயிலும் இல்லை, கண்ணாடியும் இல்லை, இருந்தும் பாதி போயிற்று என்றால் மிச்சமிருப்பது வேகம் ஒன்றுதான்.

சரி, எப்படி மெதுவாகக் காயவைப்பது? இதற்கு விடை அடுப்படியில் இருந்தது. மூடிய டப்பாவுக்குள் தூள் உப்பை ஈர மணல் பதத்துக்குக் குழைத்து வைத்தால் உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் தானாக நிற்கும். அதற்கு மேல் வருகிற ஈரத்தை உப்பு குடித்துவிடும். ஈரப்பதமானி ஒன்று 220 ரூபாய்க்கு வாங்கி உள்ளே வைத்தேன். 88 காட்டியது. மீட்டர்தான் தப்பு என்று நினைத்தேன். பார்த்தால் நான் செய்து வைத்திருந்தது உப்புத் தண்ணீர், ஒரு டம்ளரில் ஒரு கைப்பிடி. கரையாத உப்பு அடியில் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கால் கிலோ உப்பைத் தட்டில் பரப்பி லேசாக நீர் தெளித்தபின் 71-இல் வந்து அசையாமல் நின்றது. அப்படியானால் என் மீட்டர் 4 குறைத்துக் காட்டுகிறது. மீட்டரைச் சரிபார்க்கவும் ஒரு வழி கிடைத்துவிட்டது.

மூன்றாம் கொத்து. வேரோடு எடுத்து, மண்ணை அலசி, தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்து நிறுத்தால் 18.60 கிராம். இதில் காய்ந்த பொருள் எவ்வளவு என்று தெரிய, தனியாக 2.00 கிராம் கிளையைச் சிறிய மின் அடுப்பில் 100 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். 0.62 மிஞ்சியது. ஆக 18.60-இல் காய்ந்த பொருள் 5.77.

உப்பு டப்பா, உள்ளே வலைத்தட்டு, அதன்மேல் செடி, அலமாரி இருட்டு. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எடை. 16.9, 14.2, 11.8, 9.9, 8.4, 7.5, ஏழாம் நாள் 7.0. நான்காம் நாள்தான் கிளை நுனிகள் உள்ளே மடங்க ஆரம்பித்தன. மடங்குவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. வெளிவட்டக் கிளைகள் முதலில் எழுந்து நடுவை மூடின, குழந்தை கையை மூடுகிற மாதிரி, சுண்டுவிரலில் தொடங்கி. ஏழாம் நாள் அதைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு மாற்றினேன் (அரைக் கிலோ 180 ரூபாய்). மூன்று நாளில் 6.30. அதாவது ஒரு கிராம் காய்ந்த பொருளுக்கு 0.09 கிராம் தண்ணீர். 0.1-க்குக் கீழே போய்த் திரும்பி வந்தால்தான் உலர்தாங்கும் செடி என்று துறையில் ஒரு கோடு போட்டிருக்கிறார்களாம். கோட்டைத் தாண்டிவிட்டேன்.

அந்த ஏழு நாளில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பாப்பாவிடம் கேட்டதற்குப் பாகு காய்ச்சுவதிலிருந்து ஆரம்பித்தாள். கடலை மிட்டாய்க்குப் பாகு வைக்கும்போது தண்ணீர் சுண்டச் சுண்டக் கம்பிப் பதம் வருகிறது, அப்புறம் உருட்டுப் பதம், ஆறினால் கண்ணாடி மாதிரி உடைகிறது. பூத்துப்போன பாகில்தான் சர்க்கரை மணிமணியாகத் திரியும். நல்ல பாகு திரியாமல் அப்படியே உறையும். செல்லுக்குள்ளும் அதே. தண்ணீர் குறையக் குறையச் சர்க்கரை கெட்டியாகிக் கண்ணாடிப் பதத்தில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. எதுவும் எதன்மேலும் மோதாது, கெடுவதும் மெதுவாகிறது. ஆப்பிரிக்கப் பாறைகளில் வளரும் கிராட்டரோஸ்டிக்மா என்ற செடி, பசுமையாக இருக்கும்போது ஆக்டுலோஸ் என்ற எட்டுக் கார்பன் சர்க்கரையைச் சேர்த்து வைத்து, காயும்போது சுக்ரோஸைக் குவிக்கிறது. நம் செடிக்கு மெக்சிகோவில் ஒரு பங்காளி உண்டு, செலாஜினெல்லா லெபிடோபில்லா. அதில் டிரிஹலோஸ் என்ற சர்க்கரை நிறைய.

சவ்வின் கதைதான் என் மீட்டருக்கு நேரடிச் சம்பந்தம். சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் தோளோடு தோள் நிற்கும் இரட்டை வரிசை. தலைகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து கொஞ்சம் இடைவெளி வைத்திருக்கிறது. தண்ணீர் போனால் தலைகள் நெருங்கி, சவ்வு டால்டா மாதிரி இறுகிவிடும். மறுபடி நனையும்போது அது இளகுகிற நேரத்தில் ஓட்டை விழுந்து உள்ளதெல்லாம் வெளியே கொட்டும். சர்க்கரை இருந்தால் தண்ணீர் விட்டுப்போன இடத்தில் அது உட்கார்ந்து இடைவெளியைக் காக்கிறது. கல்யாண வீட்டில் எழுந்து போகிறவர் நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல என்று நான் சொன்னேன். பாப்பா சிரித்தாள், மறுக்கவில்லை.

இன்னொன்று எல்இஏ புரதம், விதை முற்றும் கடைசிக் கட்டத்தில் நிறையச் சேர்வது. 1981-இல் லியான் ட்யூர் குழுவினர் பருத்தி விதையில் முதலில் கண்டது. தண்ணீர் இருக்கும்வரை உருவமில்லாமல் நூல் மாதிரி மிதக்கும் பல புரதங்கள் இந்த வகையில் உண்டு. காயும்போது சுருள் வடிவம் எடுத்து, மற்றப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. விதையில் இருக்கும் இந்த வித்தையைத்தான் இத்தகைய செடிகள் இலையில் செய்கின்றன. இதையெல்லாம் தயாரிக்கச் செல்லுக்கு நேரமும் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். ஒன்பது மணி நேர டேபிள் பேன் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை என்றுதான் என் மூன்று அளவுகளையும் வைத்து நான் புரிந்துகொண்டேன்.

விதை என்றதும் பச்சைப்பயறில் ஒரு துணைச் சோதனை செய்தேன், செலவு ஐந்து ரூபாய்கூட இல்லை. ஐம்பது பயறு ஆறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மறுபடி முளைக்கப் போட்டேன்: 46 முளைத்தன. இன்னொரு ஐம்பதை ஒரு சென்டிமீட்டர் முளை விடும்வரை வைத்து, பிறகு உலர்த்தி, மறுபடி நனைத்தேன்: ஒன்றில்கூட அந்த வேர் நீளவில்லை. முளை வெளியே வந்துவிட்டால் விதை அந்த வித்தையை மறந்துவிடுகிறது. மானாவாரியில் விதையைக் கடினப்படுத்தி விதைக்கிறவர்கள் முளை எட்டிப்பார்க்கும் முன்பே எடுத்து உலர்த்துவது ஏன் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

நாற்பது நாள் கழித்து டப்பாவைத் திறந்தேன். கிளை ஒடித்தால் அப்பளம் மாதிரி சத்தம். இரண்டு 0.30 கிராம் துண்டுகள் எடுத்தேன். ஒன்று நேரே தண்ணீருக்குள்: 2 மணியில் 13, கொதித்தபின் 66, கசிவு 17 சதவீதம். இன்னொன்றை ஈரத்துணி விரித்த டப்பாவில், துணியைத் தொடாமல் ஒரு ராத்திரி ஆவி மட்டும் படவிட்டுப் பிறகு தண்ணீரில்: 9, 65. கசிவு 11 சதவீதம். தூக்கத்தில் இருப்பவரை உலுக்கி எழுப்பாமல் மெல்லக் கூப்பிட்ட மாதிரி. ஆவி தரும் வேலையை எந்த அளவிலும் விடக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். கொத்து முழுவதையும் அப்படியே எழுப்பித் தொட்டியில் வைத்தேன். மூன்று கிளைகளில் நூல் கட்டினேன். ஒன்பது வாரம் எந்த அசைவும் இல்லை. மனைவி இரண்டு முறை தூக்கிப்போடப் பார்த்தாள்.

கணக்கு: செடிகள் 250, தராசு 450, ஈரப்பதமானி 220, சிலிக்கா ஜெல் 180, டிஸ்டில்டு வாட்டர் ஆறு லிட்டர் 120, உப்பு 10. மொத்தம் 1,230 ரூபாய். மீட்டர் கையில் இருந்தது.

டிடிஎஸ் மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், சர்க்கரை கசிந்தால் தெரியாது. அதனால் என் சதவீதங்களை முழு உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட மட்டும் நம்பலாம். ஒவ்வொரு முறைக்கும் ஒரே ஒரு கொத்து வைத்ததும் குறைதான், அடுத்த முறை குறைந்தது மூன்று. மலையிலிருந்து பிடுங்கி வந்ததை இனி வாங்கப்போவதில்லை. பாதிக்குப் பாதி செத்ததை விற்பதற்காகப் பாறையை வழித்தெடுக்கிறார்கள். இருக்கும் கொத்துகளையே பிரித்துப் பெருக்கினால் போதும்.

சர்வீஸுக்குப் போகும் ஒரு தோட்டத்துப் பழைய கிணற்றின் கல்லிடுக்கில் மயில்சிகை கொத்துக் கொத்தாக நிற்கிறது. அதுவும் காய்ந்து பிழைக்கும் பெரணிதான். தோட்டக்காரரிடம் ஒரு கொத்து கேட்டு வைத்திருக்கிறேன். உப்புத் தட்டு தயார், மார்கழிப் பனி போகட்டும்.